நாப்பது பல்லு ஆடுதுன்னு ஆப்ல போட்ட அப்பா

பொண்ணுக்கு டான்சில் ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியோட ஆப்ல பெத்தவங்க ஒரு ஃபாரம் நிரப்பணும். அவ்வளவுதான் வேலை.

நிலாவுக்கு ஆறு வயசு. மாசம் தவறாம தொண்டை வீங்கி, ஒரு வாய் சோறு இறங்காம அழுவா. மூணு மாசம் காத்திருந்து கிடைச்ச தேதி, மறுநாள் காலையில.

பொண்டாட்டி கவிதா படிச்சுப் படிச்சு சொன்னா. "நிதானமா நிரப்புங்க. உங்க ஆபீஸ் புத்தியைக் காட்டாதீங்க."

நான் சாஃப்ட்வேர் டெஸ்டருங்க. அடுத்தவன் எழுதின ஆப்பை உடைக்கிறதுதான் எனக்குச் சோறு போடுது.

கன்னட ஊர்ல, எங்க ஈஜிபுரா வீட்டு சோபால உட்கார்ந்து அந்த ஆப்பைத் திறந்தேன். ஒரு கார்ட்டூன் முயல் வந்து, ஆபரேஷன்னா என்னன்னு கதை சொல்லுச்சு. நிலா ஒட்டி உட்கார்ந்து பார்த்தா. நான் என்ன பார்த்தேன்? முயலோட காது பட்டனை மறைக்குது! ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்.

அடுத்து கேள்விகள். 'குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா?'

இல்லைன்னு போட்டா வேலை முடிஞ்சது. ஆமான்னு போட்டா என்ன ஆகும்? கை சும்மா இருக்குமா!

ஆமா. இருமல்? ஆமா. வீசிங்? ஆமா. ஆடுற பல் எத்தனை? நாப்பது.

வாங்கிக்கிச்சு! "இதை எவன்யா டெஸ்ட் பண்ணான்!"னு குதிச்சேன்.

அதே குஷில 'சமர்ப்பி'யை அழுத்தினேன். இங்கயாவது நாப்பது பல்லுக்குக் கண்டிப்பா எர்ரர் வரும்னு நம்பிக்கை. பச்சை டிக் வந்துச்சு. 'நன்றி. உங்கள் பதில்கள் மயக்க மருந்து டாக்டருக்கு அனுப்பப்பட்டன.'

திருத்தலாம்னு தேடினா, அதுக்குப் பட்டனே இல்ல.

அஞ்சே நிமிஷத்துல நர்ஸ் போன். "சார், பாப்பாவுக்கு இவ்வளவு பிராப்ளமா? நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர் சொல்றாங்க."

"ஐயோ மேடம், அவ நல்லா இருக்கா! நான் சும்மா போட்டுப் பார்த்தேன்!" கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூணையும் கலந்து கதறினேன்.

"சும்மாவா? உடனே பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. நேர்ல பார்த்துதான் முடிவு."

கவிதா நிலாவைத் தூக்கிட்டு செருப்பை மாட்டினா.

ஆட்டோவுல நிலா கேட்டா. "அப்பா, நாளைக்கு இல்லன்னா மறுபடி தொண்டை வலிக்குமா?"

இந்தத் தேதி என்னால போச்சுன்னா இவ முகத்துல எப்படி முழிப்பேன்?

ஆஸ்பத்திரியில மயக்க மருந்து டாக்டரம்மா என்னை ஏறெடுத்தும் பார்க்கல. நேரா நிலாகிட்ட கேட்டாங்க. "காய்ச்சல் இருக்கா புட்டா, கண்ணு?"

"இல்ல ஆன்ட்டி. இருமலும் இல்ல. நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடக் கூடாது. முயல் சொல்லுச்சு."

"பல்லு ஆடுதா?"

"ஒண்ணே ஒண்ணு!" வாயைத் திறந்து காட்டினா.

நிஜமாவே ஆடுச்சு! எனக்கே அப்பதான் தெரியும்.

"மயக்கத்துல இருக்கும்போது இது விழுந்து உள்ள போனா ஆபத்து சார். நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது இந்த ஒண்ணைத்தான்"னாங்க டாக்டரம்மா. சுவத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு.

நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வெச்சுப் பார்த்தாங்க. பல்லைப் பார்த்துக்கிறோம், நாளைக்கே ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. நல்லபடியா முடிஞ்சு, நிலா இப்போ ஐஸ்கிரீமா உள்ள தள்ளிட்டு இருக்கா.

ஃபைல்ல மட்டும் டாக்டரம்மா ஒரு குறிப்பு எழுதியிருக்காங்க: 'விவரம் எதுவானாலும் குழந்தையிடம் கேட்கவும். அப்பாவிடம் வேண்டாம்.'