முனைவரின் கிளட்ச் பாடம்

“என்னங்க, கிளட்ச் இடது காலா, வலது காலா?”

ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில், தொழிற்சாலை ஒன்றின் காலியான கார் நிறுத்துமிடத்தில், கஸ்தூரி ஞாயிறுதோறும் கேட்கும் கேள்வி இது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் முனைவர் மகேஸ்வரனுக்கு ரத்தம் கொதித்தது.

மனிதர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வித் தத்துவம் போதிப்பவர். தன்னைத் தவிர உலகத்தில் எவனுக்கும் பாடம் நடத்தத் தெரியாது என்பது அவருடைய சொந்தத் தத்துவம். அடுத்த சனிக்கிழமை ஜொகூர் பாரு கருத்தரங்குக்குத் தன்னை மனைவியே காரில் கொண்டுவந்து இறக்குவாள் என்று வாய்க்கொழுப்பில் சக விரிவுரையாளர்களிடம் சவால் விட்டுத் தொலைத்திருந்தார். மானம் இப்போது கஸ்தூரியின் காலடியில் கிடந்தது.

வாரத்துக்கு ஒரு கல்வித் தத்துவமாகப் பாடம் நடத்திப் பார்த்தார். முதலில் சாராம்சவாதம். அடிப்படை அறிவுதான் முக்கியமாம். இன்ஜின் பாகங்களை ஒப்பிக்க வைத்தார். கஸ்தூரி பிசகாமல் ஒப்பித்துக்கொண்டே காரைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்தாள்.

அடுத்தது நடத்தைவாதம். சரியாக கியர் மாற்றினால் ஒரு முறுக்கு பரிசு.

“முறுக்கு தீந்துபோச்சு லா. இனிமே எதுக்கு கியர் மாத்தணும்?” என்றாள்.

பிறகு முற்போக்குவாதம். “செஞ்சு பாத்துக் கத்துக்க. நான் வாயே தொறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார். அவள் செய்து பார்த்தாள். முன்சக்கரம் சாக்கடையில் இறங்கியது.

“அலமாக்! பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? சொல்லியிருக்கலாமே!”

“அனுபவம்தான் ஆசான்!”

“கார ரிப்பேர் பண்றதும் அவரேதானா?”

இன்றைக்கு இருத்தலியம். “உனக்கு முழுச் சுதந்திரம். நீயே முடிவெடு, நீயே பொறுப்பெடு” என்றார் முனைவர், மேடையில் பேசுகிற குரலில்.

கஸ்தூரி நன்றாக யோசித்தாள். இன்ஜினை அணைத்தாள். பிளாஸ்கைத் திறந்தாள்.

“தேத்தண்ணி குடிக்கலாம்னு முடிவெடுத்திருக்கேன்.”

“மக்கு! என் சர்வீஸ்லயே உன்ன மாதிரி ஒரு மரமண்டையப் பாத்ததில்ல! சனிக்கிழமை என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?”

“கோவப்படாதீங்க. எனக்கு மெதுவாத்தான் ஏறும். சாயந்திரம் வரைக்கும் இருந்து சொல்லிக் குடுங்க” என்றாள் அவள், மிகவும் பணிவாக.

அந்த நேரம் பார்த்து அவளுடைய கைப்பேசி அடித்தது. முனைவரே எரிச்சலோடு பொத்தானை அமுக்க, வீட்டிலிருந்து மகள் லோஷினியின் குரல் கார் ஸ்பீக்கரில் கணீரென்று ஒலித்தது.

“மா, கணக்கு டியூஷன் டீச்சர் வந்துட்டாங்க. அப்பா வந்து மறுபடியும் எனக்குப் பாடம் நடத்த ஆரம்பிச்சா அவ்வளவுதான், நான் பெயில்! என் எஸ்.பி.எம். பரீட்சை முடியிற வரைக்கும் நீங்க மட்டும் கார் ஓட்டக் கத்துக்கிடாதீங்க, ப்ளீஸ்!”