கை கழுவப் போனா நாற்காலி போயிரும்

ஞாயித்துக்கிழமை பல்லடத்துல ஒரு கல்யாணம். போகணும், சாப்பிடணும், வரணும். அவ்வளவுதான் வேலை.

நான் பெருந்துறையில ஒரு கம்பெனில சேஃப்டி ஆபீசருங்க. மறுநாள் காலைல மொத்த ஆளுங்க முன்னாடியும் "கை கழுவுவோம், நோயைத் தடுப்போம்"னு பேசப் போற மகான் நான்தான். ஜி.எம். முன்வரிசையில உக்காருவாரு. என் புரமோஷன் அவர் கையில.

கல்யாணப் பந்தி தெரியுமில்ல? சாப்பிடறவர் நாற்காலியப் பின்னாடி புடிச்சுக்கிட்டு, அவர் எப்ப மோர் கேப்பாருன்னு எலையவே பாத்துட்டு நிக்கோணும். கையெடுத்தா எடம் போச்சு.

நானும் என் சம்சாரமும் ஆளுக்கு ஒண்ணு புடிச்சோம். "கை கழுவிட்டு வாரேன்"னேன்.

"இப்பவா போவீங்க? என்னால ரெண்டு புடிக்க முடியாதுங்க."

போனேன். சோப்பு, விரல் இடுக்கு, நகக்கண்ணு, முழுசா இருபது செகண்டு. திரும்பி வந்தா என் நாற்காலில ஒரு பெரியவர் பருப்புக்கு நெய் ஊத்தச் சொல்லிட்டிருக்காரு. பக்கத்துல என் சம்சாரம். என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல.

அடுத்த பந்திக்கு வேற நாற்காலி புடிச்சேன். பொண்ணோட மாமா மூக்கைத் தொடச்ச கையோட ஓடி வந்து, "வாங்க மாப்ள"ன்னு என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. மரியாதைக்குச் சிரிச்சுட்டு மறுபடி குழாய்க்குப் போனேன். மறுபடி எடம் போச்சு.

சம்சாரம் சாப்பிட்டு, பீடாவும் போட்டுட்டு வந்தா. "ஏனுங்க, அடுத்ததுதான் கடைசிப் பந்தியாமா. கை முக்கியமா, சோறு முக்கியமா?"

கொள்கைக்கு ஒருநாள் லீவு குடுத்துட்டேன். ஊரே புடிச்சுட்டு நின்ன நாற்காலிய நானும் புடிச்சு, அதே கையோட உக்காந்து, ரெண்டு தடவ ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கக்கிழமை. மைக்கப் புடிச்சு, "கண்ணுக்குத் தெரியாத கிருமி நம்ம கையில..."ன்னு ஆரம்பிச்சேன். வயித்துக்குள்ள யாரோ துணி பிழிஞ்சாங்க. மைக்க ஜி.எம். மடியிலயே வெச்சுட்டு ஓடினேன்.

திரும்பி வந்து, விட்ட எடத்துல இருந்து பேசினேன். மறுபடி ஓடினேன். மூணாவது தடவ வந்தப்ப, "என்னாச்சுங்க சார்?"னு பின்வரிசையில ஒருத்தர் கேட்டாரு. வேற வழியில்லாம பந்திக் கதைய ஒண்ணுவிடாமச் சொல்லிப்போட்டேன்.

மத்தியானம் கேன்டீன்ல கை கழுவ வாசல் வரைக்கும் வரிசை. மூணு வருசமா நான் ஒட்டின போஸ்டருக்கு ஒருத்தரும் நின்னதில்லீங்க.

ஜி.எம். கூப்பிட்டாரு. "புரமோஷன் உறுதிங்க. ஆனா நம்ம மத்த நாலு யூனிட்லயும் இதே மாதிரி பேசோணும்."

"அப்படீன்னா இன்னும் நாலு கல்யாணத்துக்குப் போகணுமுங்க சார்"னேன்.