லவோன் வாங்கிய நாற்பத்து மூன்று படகுகள்

மனிதராகப் பிறந்த ஒவ்வொருவரும் தமக்குரிய கிரெடிட் கார்டை ஒப்பிட்டு ஆராய்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எங்கள் கெட்டில் ஃப்ளாட் ஊருக்கு இரண்டு கருத்து கிடையாது. தெற்கு டகோடாவில் மொத்தமே அறுபத்திரண்டு பேர் வாழும் ஊரில் வேறு எதைத்தான் ஆராய்வது? வானிலையை ஏற்கெனவே ஆராய்ந்து முடித்துவிட்டோம். அது மோசம்.

வங்கி கார்டுகளை நாங்கள் தொடுவதில்லை. வங்கிக்கு முதலாளி எங்கோ இருக்கும் எவனோ. கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ உறுப்பினர்களாகிய நாமே முதலாளி. ஏமாந்தாலும் நம் கையாலேயே ஏமாந்தோம் என்ற திருப்தி மிஞ்சும்.

ஆகவே, எந்தச் சங்கத்தின் கார்டு அதிக கேஷ்பேக் தருகிறது என்று கண்டறிய, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி குடித்தபடி ஓர் ஒப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது. அதற்கு நான் தலைவன். தானியக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் எடைபோட்டு ஓய்வு பெற்றவன் என்பதால் ஹார்லனாகிய நான் எந்தப் பக்கமும் சாயமாட்டேன் என்று ஊர் நம்பியது. பதினான்கு கட்டம் போட்ட அட்டவணை ஒன்று தயாரித்தேன். அதைப் புரிந்துகொண்டவர் யாருமில்லை. ஆனால் எல்லாரும் ஆளுக்கொரு பிரதி கேட்டு வாங்கி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்கள்.

முதலில் வென்றது ஆசிரியர்கள் கடன் சங்கம். மளிகைக்கு மூன்று சதவீதம். அதில் சேர ஆசிரியராக இருக்கவேண்டியதில்லை. ஏதாவது ஓர் ஆசிரியரிடம் படித்திருந்தால் போதும் என்று விதி இருந்தது. ஊரே சேர்ந்தது. அடுத்த மாதம் கணக்கு வந்தபோது ஒருவருக்கும் மூன்று சதவீதம் வரவில்லை. குழுத் தலைவர் என்ற முறையில் நான் தொலைபேசியை எடுத்தேன்.

"நீங்க பொருள் வாங்குன டெல்மர் கடை எங்க பதிவுல படகுக் கடைன்னு இருக்கு சார்," என்றாள் சங்கத்திலிருந்து பேசிய பெண்.

"நான் வாங்குனது முட்டைம்மா."

"படகுக் கடையில வாங்குனா அது படகு சார். இல்லேன்னா படகு சம்பந்தப்பட்டது."

"ஒரு டஜன் முட்டையா?"

"எத்தனைன்னு எங்களுக்குத் தெரியாது சார். தொகை மட்டும்தான் வரும்."

"இந்த விதியை எவன் போட்டான்?"

"உறுப்பினர்கள்தான் சார். முதலாளிங்க நீங்கதானே."

"அப்ப முதலாளி சொல்றேன், மாத்து."

"ஒரு முதலாளி சொன்னா மாத்த முடியாது சார். மீதி நாப்பதாயிரம் முதலாளிங்களையும் கூட்டிட்டு வாங்க."

டெல்மரைப் போய்ப் பிடித்தேன். ஊரில் இருக்கும் ஒரே கடை அவனுடையது. அவன் அப்பா காலத்தில் ஊருக்கு வெளியே அணைக்கட்டு நீர்த்தேக்கம் இருந்தது. அவர் படகு விற்றார். நீர் வற்றி இருபத்தாறு வருஷமாகிறது. மகன் பாலும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் விற்கிறான். கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

"ஒரு படிவம் குடுத்தா மளிகைக் கடைன்னு மாத்திருவாங்க," என்றான் டெல்மர்.

"பொறுய்யா," என்றேன். அட்டவணையின் ஒன்பதாவது கட்டம் என் நினைவுக்கு வந்துவிட்டது.

கடலோரக் கப்பல்கட்டும் தொழிலாளர்கள் கடன் சங்கம்: படகுக் கடைகளில் வாங்கும் எதற்கும் ஆறு சதவீதம். வருஷக் கடைசியில் மொத்தமாகக் கணக்கில் ஏறும். கடல் எங்களிடமிருந்து ஆயிரத்துச் சொச்சம் மைல். அதனாலென்ன? ஐந்து டாலர் கட்டிக் கலங்கரை விளக்க நண்பர்கள் குழுவில் சேர்ந்தால் தகுதி வந்துவிடுகிறது. கலங்கரை விளக்கத்தைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்திராத அறுபத்திரண்டு பேர் ஒரே வாரத்தில் அதற்கு நண்பர்களானோம். அன்றிலிருந்து கெட்டில் ஃப்ளாட்டில் விற்ற ஒவ்வொரு ரொட்டியும் படகுதான்.

நன்மைகள் உடனே தெரிந்தன. கோடையில் மாநிலச் சுற்றுலாத் துறையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது: தலைக்கு இத்தனை என்று பார்த்தால் மாநிலத்திலேயே அதிகமாகப் படகு வாங்கும் ஊர் எங்களுடையதாம். அடுத்து நீர்ப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் அறுபத்திரண்டு மிதவைச் சட்டைகளோடு வந்தார். படகு கவிழ்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று, புழுதி பறக்கும் அந்தப் பழைய ஏரிக்குழியில் எங்களை நிற்கவைத்து ஒன்றரை மணி நேரம் விளக்கினார். தண்ணீர் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அது வேறு துறை. நாங்களும் கைதட்டினோம், கையெழுத்துப் போட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டோம்.

நவம்பரில் லவோனுக்குக் கடிதம் வந்தது. லவோன் என் பக்கத்து வீடு. எழுபத்து நான்கு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுள் முழுக்க உழைத்தவள், கணவன் இறந்துவிட்டான். வருஷாவருஷம் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவுக்கு அரசாங்கம் தொள்ளாயிரம் டாலர் உதவி தரும். அது வந்தால்தான் அவள் தொட்டி நிறையும். கடிதம் இப்படிச் சொன்னது: "விண்ணப்பதாரர் கடந்த பதினொரு மாதங்களில் நாற்பத்து மூன்று முறை படகுகள் அல்லது படகு சார்ந்த பொருட்கள் வாங்கியிருப்பது தெரியவந்துள்ளதால், மேற்படியார் குளிரால் வாடும் நபர் என்ற வரையறைக்குள் வரமாட்டார்."

அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கவுண்டி எனும் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வைட்கம்ப் என்ற அதிகாரி கோப்பைத் திறந்தார்.

"அந்தப் படகெல்லாம் இப்ப எங்கம்மா இருக்கு?"

"சாப்பிட்டுட்டேன்," என்றாள் லவோன்.

"நாப்பத்தி மூணையுமா?"

"கொஞ்சம் ஹார்லனுக்கும் குடுத்தேன்."

வைட்கம்ப் என் பக்கம் திரும்பினார். "நீங்க படகு அன்பளிப்பா வாங்கியிருக்கீங்க. அதை எங்கேயாவது தெரிவிச்சீங்களா?"

"வெண்ணெய் தடவிக் குடுத்தாங்க சார். அங்கேயே தின்னுட்டேன்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். கெட்டவர் இல்லை. ரொட்டி என்பது அவருக்கும் புரிந்தது. ஆனால் அவர் கணினியில் ரொட்டி என்று எழுத இடமில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார்: "கடைக்காரர் மளிகைக் கடைன்னு மாத்தி படிவம் குடுத்தாருன்னா, இந்த வருஷம் வாங்குனது மொத்தமும் மளிகையா மாறிடும். ரெண்டே நாள்ல பணம் வந்துரும்மா."

திரும்பும் வழியில் லவோன் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, "மளிகையா மாறிட்டா அந்த ஆறு பர்சென்ட்டு?" என்றாள்.

"போயிடும். இந்த வருஷத்துது மொத்தமும் போயிடும். எல்லாருக்கும்."

"எனக்கு இருநூத்திப் பதினாலு டாலர் சேந்திருக்கு."

"உதவித்தொகை தொள்ளாயிரம், லவோன்."

"அது கை நீட்டி வாங்குறது. இது அப்படியா? நான் செலவழிச்சுச் சம்பாதிச்சது."

எனக்குச் சேர்ந்திருந்தது நானூற்று முப்பது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் டெல்மரிடம் போனது. ஊரார் கேஷ்பேக்கில் தனியாகக் கைவைக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஊர்க்கூட்டம் கூடியது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அறுபத்திரண்டு பேரும் வந்தோம். முன்வரிசையில் லவோன் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தொட்டியில் மிச்சமிருந்த வாயுவைச் சேமிக்க வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறாளாம்.

ஆர்கன் வாசிக்கும் மைர்னா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லவோன் குளிர்ல விறைக்கிறதைப் பாத்துட்டு நாம சும்மா இருக்க முடியாது."

"யாரும் பாக்கப் போகவேணாம்னு சொல்ல வர்றியா?" என்றான் டெல்மர்.

"ச்சீ, எனக்குப் பணம் பெரிசில்ல. ஐந்நூத்திப் பத்து டாலர்தான். மத்தவங்களுக்காகச் சொல்றேன்."

மத்தவங்களுக்காகத்தான் எல்லாரும் பேசினார்கள். லவோன் ஊரின் சொத்து என்றார்கள். அவள் சுடும் ஆப்பிள் கேக்கைப் புகழ்ந்தார்கள். மனிதாபிமானம் வேறு, கொள்கை வேறு என்று ஒருவர் சொன்னார். எது கொள்கை என்று கேட்டதற்கு ஆறு சதவீதம் என்றார். கையைத் தூக்கச் சொன்னால் சங்கடம் என்று டெல்மர் இழுத்தான். ரகசிய வாக்கெடுப்பு என்று முடிவானது. அப்பாடா என்று அறையே மூச்சு விட்டது.

எண்ணும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எந்தப் பக்கமும் சாயாதவன் அல்லவா! பக்கத்து அறைக்குப் பெட்டியைத் தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். நம்ப முடியாமல் இன்னொரு முறை எண்ணினேன். எல்லாச் சீட்டும் இருந்தது, என்னுடையதும் சேர்த்து.

மளிகைக் கடை என்று மாற்றலாம்: பூஜ்யம். மாற்ற வேண்டாம்: அறுபத்திரண்டு.

வெளியே வந்து, "தீர்மானம் தோற்றுவிட்டது," என்று மட்டும் அறிவித்தேன். எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லை. சீட்டுகளை அடுப்பில் போட்டேன். எங்கள் ஊரின் நற்பெயருக்கு நான் செய்த சேவை அது.

மறுநாளிலிருந்து லவோன் வீட்டு வாசலில் கார்கள் வரிசைகட்டின. ஆளுக்கொரு தட்டில் சுடச்சுட உணவு. ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: "நான் உனக்குத்தான் போட்டேன் லவோன். மத்தவங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு நெனைக்கவே இல்ல." மைர்னா இரண்டு தடவை வந்து சொன்னாள். லவோன் எல்லாருக்கும் நன்றி சொன்னாள், காபி கொடுத்தாள். மற்றவர்களை அவளும் திட்டினாள்.

கடைசியாக நானும் போனேன். இரண்டு ஸ்வெட்டரும் அதற்கு மேல் அரசாங்கம் தந்த மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சட்டை நல்ல கதகதப்பு என்றாள். அவள் தந்த காபிக் கோப்பையையே குனிந்து பார்த்தேன். வெட்கம்தான், வேறென்ன சொல்ல. ஆனாலும் வாய் பழக்கப்பட்டபடியே பேசியது.

"லவோன், நான் உனக்குத்தான் போட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சீட்டுகளை எண்ணியவன் நான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"தெரியும் ஹார்லன்," என்றாள். "நானும் எனக்குத்தான் போட்டேன்."

நான் காபியை ஒரு வாய் குடித்தேன்.

"அப்ப ரெண்டு ஓட்டாவது விழுந்திருக்கு," என்றேன்.