செவலையின் முதுகில் இருந்த எழுத்து

தேவாரத்தில் இருக்கும் மாப்பிள்ளை தங்கபாண்டிக்கு, உன் அக்காள் புருஷன் வீரணன் தன் கையாலேயே எழுதியது. இங்கே நானும் உன் அக்காள் ராக்குவும் சுகம். செவலைக் குதிரையும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மலைச்சாமி துணை நிற்கட்டும்.

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். எழுத்துகள் கோட்டின் மேல் நிற்காமல் சரிவில் இறங்கும் ஆடுகள் மாதிரிப் போகின்றன. 'ழ' போடும்போது நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று ராக்கு சிரிக்கிறாள். இதுவரை எழுதவே இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆனாலும் போனில் சொல்ல மாட்டேன். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரை படித்தே ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை நீ வண்டி கொண்டுவர வேண்டாம். செவலையைத் தர மாட்டேன்.

போன மாதம் விஜயபாண்டி டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் நீ என்ன சொன்னாய்? "மாமா, இந்தக் குட்டிய நாந்தான் ஒங்களுக்குக் குடுத்தேன், இல்லேங்கல. அடுத்த காய் எடுப்புக்குள்ள சேணம் ஏத்தி நிப்பாட்டிட்டா ஒங்களுக்கு. இல்லையின்னா நானே பிடிச்சுட்டுப் போயி வித்துருவேன். இந்த வயசுல ஒங்க இடுப்பு ஒடிஞ்சா அக்காளுக்கு யாரு பதில் சொல்றது?" நானும் சரி என்றேன். வேறு என்ன செய்வது? நம் ஏலக்காட்டுக்கு ஜீப்பு வராது. கிழக் குதிரைக்கு முழங்கால் போய்விட்டது. செவலை சுமக்காவிட்டால் பச்சைக் காய் மூட்டை என் தலையிலும் ராக்கு தலையிலும்தான் இறங்க வேண்டும்.

நீ போன பிறகு நான் பட்ட பாட்டைக் கேள். சேணத்துக்கு அடியில் போட மெத்தென்று ஒரு சாக்கை மடித்துத் தைத்து, அதன்மேல் சேணத்தைக் கட்டினால், செவலை முதல் வளைவு வரை கோயில் மாடு மாதிரி ஏறும், இரண்டாம் வளைவில் நாலு காலையும் ஒன்றாகத் தூக்கித் துள்ளும், மூட்டை ஒரு பக்கம் சேணம் ஒரு பக்கம் போகும், தினமும் அதே இடம் என்பதால் அங்கே முன்பு விழுந்து செத்த கணக்கப்பிள்ளையின் ஆவிதான் என்று விஜயபாண்டி சொன்னார், ஆவிக்குச் சுருட்டும் குவார்ட்டரும் வைத்தோம், குவார்ட்டர் தீர்ந்தது, துள்ளல் தீரவில்லை, குடித்தது ஆவியா விஜயபாண்டியா என்பது இன்றுவரை தெரியவில்லை, மூட்டையும் சேணமும் வேண்டாம் மனிதன் ஏறினால் பழகும் என்று வெறும் சாக்கின் மேல் நானே ஏறினேன், ஒருநாள் ஏலச்செடிக்குள் விழுந்தேன், ஒருநாள் ஓடையில் விழுந்தேன், ஒருநாள் மருந்து அடித்துக்கொண்டிருந்தவன் மேலேயே விழுந்தேன். விழுந்த வலியைவிட உட்காருகிற இடத்தில் எரிச்சல்தான் அதிகம். ராக்கு தேங்காயெண்ணெயை நீட்டிவிட்டு, "குதிரை வெவரமானது. ஒங்களுக்கு வேணாங்குது. ஒங்களுக்குத்தான் வெளங்கல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மனசு விட்டுப்போய்ச் சேணத்தைப் பிரித்துப் போட்டேன். உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவு. அப்போது தையல் விட்ட சாக்கின் உள்பக்கத்தில் நீல மையில் எழுத்து தெரிந்தது. நான் எழுத்துப் படிக்கப் போகும் சாயங்கால வகுப்பில் அனுசியா டீச்சர் சொன்னபடி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்தேன். மி. ள. கா. ய். அப்புறம் வ. த். த. ல். ஒரு பீடி தீரும் நேரம் ஆயிற்று. சேர்த்துப் படித்ததும் குதித்தேன் பார், செவலைகூட அப்படிக் குதித்ததில்லை. மிளகாய் வத்தல்! மேடு ஏற ஏற வியர்க்கிறது, வியர்வை பட்டால் சாக்கில் ஒட்டிய வத்தல் பொடி எரிகிறது. குதிரைக்கு முதுகில், எனக்கு வேறு இடத்தில்.

அன்றே செவலையின் முதுகைக் கழுவிவிட்டேன். பழைய கம்பளியில் புது மெத்தை தைத்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு மூட்டையை ஏற்றி அதே மேட்டில் ஓட்டினேன். இரண்டாம் வளைவில் செவலை நின்றது. என் உயிரும் நின்றது. ஒரு வாய் புல்லைக் கடித்துக்கொண்டு அது பாட்டுக்கு நடந்தது. விஜயபாண்டி கையில் டீயோடு வெளியே வந்து, "அப்பு, இது வேற குதிரையா?" என்றார். "குதிரை அதேதான். ஆளுதான் படிச்ச ஆளு" என்றேன்.

அதனால் மாப்ளே, குட்டியோடு சேர்த்து ஒரு சாக்கும் கொடுத்தாயே, "சேணத்துக்கு ஆகும் மாமா" என்று, அது என்ன சாக்கு? வத்தல் சாக்கைக் கொடுத்துவிட்டுக் குட்டி ஆகாது என்றாய். வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வா. அதே டீக்கடையில், அதே பத்துப் பேர் நடுவில், "தப்பு என்னோடது மாமா" என்று சொல். அதற்குப் பிறகு சாப்பாடு.

பிள்ளைகள் நீண்ட ஆயுசோடு, படித்து, விழாமல் வாழ வேண்டும். அடுத்த வாரம் இன்னொரு கடிதம் எழுதுகிறேன். அதில் எழுத்து இவ்வளவு சரியாது.

இப்படிக்கு,
வீரணன் (இதுவும் நானே போட்டது)

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கதவுக்குப் பின்னால் கோழி அடைகிடக்கும் சாக்கில் எழுத்து தெரிந்தது. இப்போது எதைப் பார்த்தாலும் படிக்காமல் இருக்க முடியவில்லை. கோழியைத் தூக்கிவிட்டுப் படித்தேன். 'தங்கபாண்டி, தேவாரம்' என்று இருக்கிறது. ராக்கு சொல்கிறாள்: "தம்பி சாக்குல கோழி கெடக்குன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் குத்புதீன் பாய் கடையில வத்தல் வாங்கியாந்த சாக்க எடுத்துத் தச்சீக." உண்மைதான். வாங்கினதும் நான், தைத்ததும் நான். அடித்தல் திருத்தல் டீச்சருக்குப் பிடிக்காது. அதனால் உன்னைத் திட்டிய வரிகளை நான் அடிக்கவில்லை. பேனா எடுத்து நீயே அடித்துக்கொள். செவலை நடந்த வரிகளை மட்டும் தொடாதே.