கழுத்து வளையாத காய்ச்சல்

அரச ஊழியரை நுளம்பு கடிப்பதானால் திணைக்களத்தின் முன்னனுமதி பெறவேண்டும் என்று அதுவரை எந்தச் சுற்றுநிருபமும் வெளியாகவில்லை. ஆகவே வெள்ளவத்தை எழுதுவினைஞர் இரத்தினசிங்கத்தை, வயற்காணி விசாரணைக்குப் போன இடத்தில், ஒரு நுளம்பு தன்னிச்சையாகக் கடித்தது. அது கொண்டுவந்த வைரசு ஒரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டை காட்டாமல் நேரே மூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

காய்ச்சல் கொதித்தது. கழுத்து விறைத்தது. மனைவி கௌரியைப் பார்த்து, "நீர் ஆர்? நாளைக்கு வாரும்" என்றார். பக்கத்து வீட்டுத் தாதி செலீன், மூளை வீங்குது, சுணங்கினால் ஆள் தப்பாது என்றாள். கௌரி அழுதபடி ஓட்டோ பிடித்தாள்.

பாலத்தடிச் சாவடியில் பெரிய வரிசை. இரத்தினசிங்கம் வழமையாக அங்கே முதுகை வளைத்து, இரண்டு கையாலும் அட்டையை நீட்டி, செய்யாத பிழைக்கும் மன்னிப்புக் கேட்பவர். அப்படியும், அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் ஓரமாக நிற்கவைப்பார்கள். இன்றைக்கு வளைய வழியில்லை.

சிப்பாய் அட்டை கேட்டான். இவர் ஆகாயத்தைப் பார்த்தபடி, வேலைசெய்யும் கந்தோரில் பெரிய அதிகாரிகள் வாயால் கேட்டுப் பழகிய சிங்களத்தில், "மம கவுத கியலா தன்னவத?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் ஆரென்று தெரியுமா என்று. உண்மையில் அது அவருக்கே தெரியவில்லை.

சிப்பாய் மிரண்டு சார்ஜனைக் கூப்பிட்டான். சார்ஜன் முறைப்படி பரிசீலித்தார். கழுத்து வளையவில்லை. எதிரே நிற்பவர் இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு மறுமொழி இல்லை. சொன்னதையே திருப்பிச் சொல்கிறார். குறைந்தது பணிப்பாளர் நாயகமாவது இருக்கவேண்டும் என்று தீர்மானித்துச் சலூட் அடித்தார். மோட்டார்சைக்கிள் ஒன்று முன்னால் போய் வழி விலக்கியது.

களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் ஆச்சரியப்பட்டார்.

"இவ்வளவு கெதியா எப்பிடி வந்தனீங்கள்?"

"மூளை பழுதாப் போனதாலதான், டொக்டர்."

கௌரி சொன்ன இந்தக் கதை, அவர் படுக்கையால் எழும்புமுன் வெள்ளவத்தை முழுக்கப் பரவிவிட்டது.

இரத்தினசிங்கத்துக்குப் புத்தி திரும்பியது. வைரசு முள்ளந்தண்டையும் தொட்டதால் இடது கால் மட்டும் திரும்பவில்லை. ஊன்றுகோலோடு வீடு திரும்பும் வழியில் அதே சாவடி, அதே சார்ஜன். பழையபடி வளைந்து, இரண்டு கையாலும் அட்டையை நீட்டினார். ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

வெயில் சாய்ந்தது. வாய்க்கால் பக்கமிருந்து ஒரு நுளம்பு வந்து அவருடைய கையில் குந்தியது. கௌரி அடிக்கக் கை ஓங்கினாள்.

"விடும்," என்றார் மெதுவாக.

பின்னால் வரிசையில் நின்ற வெள்ளவத்தைக்காரர் ஒருவர் பின் ஒருவராகச் சட்டைக் கையை மடித்துவிடத் தொடங்கினார்கள்.