குத்தூசி கம்பி இறக்காத மண்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் குத்தூசி அண்ணன் கம்பி இறக்கிப் பார்க்காத மண்ணே கிடையாது. கோயில் திடல், சர்ச் மைதானம், கபடிக் களம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அரிசிக் கடையில் மூட்டையைக் குத்தி அரிசி எடுத்துப் பார்ப்பார்களே, அந்தக் குத்தூசி மாதிரி, மேலே கைப்பிடி வைத்த இரும்புக் கம்பி ஒன்று, மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, எப்போதும் அவர் கையில் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நாங்கள் வேலை பார்த்ததோ கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்கிற கம்பெனி. அங்கிருந்து ஒரு மனிதர் தினமும் கையில் கம்பியோடு வெளியே போனால் செக்யூரிட்டி சும்மா விடுவாரா?

"இது என்னுதுபா! காலைல ஊட்லேர்ந்து எடுத்தாந்தேன்!"

"கம்பி கம்பெனிக்கு எவன்யா கம்பி எடுத்தாருவான்?"

இந்தச் சண்டை முடிந்தால்தான் பஸ் கிளம்பும். கம்பெனி பஸ்ஸில் எனக்கு அவர் பக்கத்து சீட். திருவள்ளூர் வரும்வரை என் காதில் உழவுதான்.

"எத போட்டாலும் ரோட்டாவேட்டரு, ரோட்டாவேட்டரு! டிராக்டர்ல மாட்டி அரைச்சா மேல மண்ணு மாவாயிடுது சார். ஒரு மழை பேஞ்சா அப்பளம் மாதிரி காஞ்சிக்குது. கீழ ஒரு சாணுக்கு அப்பால பாரு, தார் ரோடு. வேரு பாவம், எங்க போவும்?"

ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும்போது பெரியபாளையம் தாண்டியதும், "நிறுத்து, நிறுத்து!" என்று அலறினார். யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்து டிரைவர் பிரேக் அடித்தார். மனுஷன் இறங்கி ஒரு மேட்டு நிலத்துக்கு ஓடினார். சோளம் போடுவதற்காக அங்கே ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"யோவ், ஈரத்துல ஓட்டாத! கட்டி கட்டியா பேத்துக்கினு வரும், காஞ்சா செங்கல்லு!"

"உன் நெலமா?"

"இல்ல."

"என்துமில்ல. நீ பஸ்ஸுல ஏறு நைனா."

அன்றைக்கு மொத்த ஷிஃப்டும் லேட். சூப்பர்வைசரிடம் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

இவர் பெண் பார்க்கப் போன கதையை அண்ணியே சொல்லியிருக்கிறார். பஜ்ஜி வருகிற நேரத்தில் மாப்பிள்ளையைக் காணோம். தேடினால் கொல்லையில் கம்பியை இறக்கிக்கொண்டிருக்கிறார். "மண்ணு சூப்பரா கீது மாமா, எனக்குச் சம்மதம்" என்றாராம். பெண்ணை அவர் அதுவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குத் திருப்பாச்சூர் பக்கம் கொஞ்சம் நிலம். அடியிலிருந்த கெட்டியைப் பிளக்கிறேன் என்று உளிக் கலப்பையை வாடகைக்கு எடுத்து ஆழமாகக் கிழித்துவிட்டார். "தார் ரோட்ட ஒடச்சிட்டேன் சார்!" என்று பஸ் முழுக்க லட்டு கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போய் அதே நிலத்தில் நெல்லை நட்டாரே, அங்கேதான் வந்தது வினை. நெல் வயலில் தண்ணீரை நிறுத்துவதே அந்தக் கெட்டிதான். காலையில் பாய்ச்சின தண்ணீர் சாயங்காலம் இல்லை. மோட்டார் ஓடி ஓடி ஓய்ந்ததுதான் மிச்சம், பயிர் கருகிப் போனது.

"அண்ணே, உன் தண்ணி ஆந்திரா போய்ச் சேந்துட்சாம், போன் வந்துது" என்று பஸ்ஸே கிண்டல் செய்தது.

"நெல்லுக்கு அந்தக் கெட்டி வேணும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். கம்பி எறங்கலேன்னா மனசு கேக்கல."

அண்ணிக்கு வந்ததே கோபம்! "இன்னும் ஒரு போகம் பாப்பேன். அதுவும் போச்சுன்னா நெலத்த வித்துட்டு வேப்பம்பட்டுல ஊடு. பொண்ணு காலேஜுக்கு ரயில்ல போய்க்கினு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அதில் நியாயம் இருந்தது. குத்தூசியும் தலையாட்டிவிட்டார். அப்புறம் பல நாள் பஸ்ஸில் வாயே திறக்கவில்லை, எனக்குத்தான் பேஜாராகிவிட்டது. ஒருநாள் மட்டும், "அது போச்சுன்னா நான் இந்தக் கம்பிய எங்க சார் குத்துவேன்?" என்றார்.

அடுத்து கேழ்வரகு நட்டார். ரோட்டாவேட்டர் கிடையாது, மேலாக ஒரே ஓர் உழவு. கருகின நெல்லின் அடித்தாளைக்கூட எடுக்காமல் அங்கேயே மட்க விட்டார். பயிர் ஜோராக வந்தது. கதிர் முற்றுகிற நேரம் பார்த்துப் பருவம் தப்பி ஒரு மழை, பேய் மழை. எல்லாம் போச்சு என்று அண்ணி மறுநாளே பிளாட் புரோக்கரை வரச்சொல்லிவிட்டார். மனசு கேட்காமல் நானும் போனேன்.

சுற்றிலும் மற்றவர்கள் வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் சாய்ந்து கிடந்தது. குத்தூசியின் வயலில் தண்ணீர் அடியில் இறங்கிப்போய், கேழ்வரகு நிமிர்ந்து நின்றது. அவர் மட்டும் நிமிரவில்லை. கம்பியை மார்போடு பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். புரோக்கர் டேப்பை உருவிக்கொண்டு, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, வயலுக்குள் காலை வைத்தார்.

"யோவ், கால எடுய்யா!"

கத்தியது குத்தூசி இல்லை, அண்ணி.

"ஈர மண்ண மெதிக்காத, இறுகிப்பூடும்! அறிவு கீதா உனக்கு? வரப்பு மேல நட!"

"அளக்கணும்மா..."

"ஒண்ணும் அளக்க வேணாம். போய்க்கினே இரு!"

குத்தூசி நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பார்க்க வேண்டிய பார்வை அது.

நான் வேலை மாறி அம்பத்தூர் வந்துவிட்டேன். இங்கே மழை விட்டால் என் முதல் போன் அவருக்குத்தான். "மண்ணு எப்படிக் கீது?" என்று கேட்பேன். மண்ணைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அந்தக் குரலைக் கேட்காவிட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுது போகாது.