காட்டிலிருந்து வந்த இரண்டாயிரத்து நூற்று நாற்பது படங்கள்

மரியாதைக்குரிய மைத்துனருக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம் என்று உங்கள் தங்கை சொல்கிறாள், நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் உங்கள் மருமகளை, அதாவது என் மகளைப் பற்றியது. "வெளிநாட்டுல படிக்கட்டும், நான் பொறுப்பு" என்று விமானம் ஏற்றியது நீங்கள். மழைக்காட்டு உயிர்களைக் காப்பாற்றும் படிப்பு. அந்தக் காட்டிலேயே இன்னும் ஆறு மாதம் ஆராய்ச்சி செய்ய வெள்ளிக்கிழமைக்குள் என் கையெழுத்து வேண்டுமாம். முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான்; முழிக்கிற முழியிலேயே ஆளைப் பிடிப்பேன். இதில் ஏதோ இருக்கிறது.

இங்கே சாப்பிட்ட தட்டை நகர்த்தாதவள், அங்கே விதை தேடி மிருகச் சாணத்தைச் சல்லடையில் போட்டுக் கழுவுகிறாளாம், யார் காதில் பூச்சுற்றுகிறாள், சரி என்று விட்டால், போன வாரம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது படங்களை எனக்கு அனுப்பி, "மரத்துல கட்டுன கேமராப்பா, எது நகர்ந்தாலும் தானா எடுக்கும், மிருகம் இருக்கறத மட்டும் தனியா வைங்க, உங்க கண்ணு யாருக்கு வரும்" என்கிறாள், நானும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தால் இலை, இலை, மறுபடி இலை, கேள்வி கேட்காமல் இருக்க எனக்கு வேலை கொடுத்திருக்கிறாள் என்று அப்போதே புரிந்தது, அதோடு விட்டதா, பதினோரு படத்தில் ஒரே மீசைக்காரன், கேமராவைக் கண்ணாடி மாதிரி வைத்துத் தலை சீவுகிறான்!

போனில் கேட்டேன்.

"யாரும்மா அந்த மீசை?"

"பேட்டரி மாத்துறவர்ப்பா."

"பேட்டரி மாத்த எதுக்குச் சீப்பு?"

"அவருக்கு அறுபத்திரண்டு வயசுப்பா!"

"எனக்கு அறுபத்தஞ்சு. நான் சீவறதில்லையா?"

"சீவ என்ன இருக்கு?" என்றாள் உங்கள் தங்கை, அடுப்படியிலிருந்து. அம்மாவும் பெண்ணும் கூட்டு என்பது ஊர்ஜிதம்.

ஆகவே மச்சான், நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. நான் சொன்னால் அழுவாள், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். இந்தக் கடிதம் கண்டவுடன் அவளைக் கூப்பிட்டு, மூட்டையைக் கட்டச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. யார் எதில் சேர்த்தி என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஆதாரத்துக்காக மீதிப் படங்களையும் பார்த்தேன். இரண்டாயிரத்து எண்பத்தேழாவது படத்தில் உடம்பெல்லாம் புள்ளியோடு ஒரு பெரிய பூனை, வாயில் குட்டி. மகளுக்கு அனுப்பினேன். அந்தக் காட்டில் அந்த இனம் ஒன்பது வருடமாகக் கண்ணில் படவில்லையாம். "குட்டியாப்பா? நிஜமாவே குட்டியா?" என்று அழுகிறாள். உங்கள் தங்கை அடுப்பை அணைக்காமல் ஓடிவந்து பார்த்தாள். சாம்பார் தீய்ந்தது, ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நீங்கள் அவசரப்பட்டு ஏதாவது சொல்லி வைக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை இன்னும் மூவாயிரம் படம் வருகிறது. அவள் திரும்பி வந்துவிட்டால் அதையெல்லாம் யார் அனுப்புவது?